மாதம்மாவின் துப்பாக்கியும் நான் போட்ட பன்னிரண்டும்

அந்த ஈயக் குண்டு எவர்சில்வர் தட்டில் விழுந்தபோது ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம் கேட்டது. அது உருளவில்லை. ஒரு பக்கம் சப்பையாகிப் போயிருந்ததால் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

தட்டுக்குப் பக்கத்தில் கசங்கிய பஸ் டிக்கெட் ஒன்று. அதற்குப் பக்கத்தில் உரச் சாக்கில் சுற்றிய நாட்டுத் துப்பாக்கி. மேஜைக்கு அந்தப் பக்கம் வனச்சரகர். இந்தப் பக்கம் மாதம்மா. ஓரத்து நாற்காலியில், சட்டைப் பையில் பிட்டு இருப்பதை மறந்துவிட்டுப் பரீட்சை எழுத வந்தவனைப் போல, மடியில் பதிவேட்டோடு நான்.

“மானைச் சுட்டது நீங்கதானாம்மா?” என்றார் சரகர்.

“ஆமாங்க சார்.”

“எதுக்குச் சுட்டீங்க?”

“சாவ மாட்டாம கெடந்துதுங்க.”

சரகர் பேனாவைக் கீழே வைத்தார். என் இத்தனை வருஷ அரசுப் பணியில், முதல் கேள்விக்கே ‘ஆமாங்க’ என்று பதில் சொன்ன ஒரு மனுஷியை அன்றுதான் பார்த்தேன். எங்கள் அலுவலகத்தில் ‘டீ குடிச்சாச்சா?’ என்று கேட்டாலே, எதற்காகக் கேட்கிறார்கள் என்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வோம்.

துப்பாக்கிக்கும் எனக்கும் உள்ள தூரம்

போன வாரம் என் பல் பிடுங்கிய கதையைப் படித்துவிட்டு, ‘உங்களுக்கு வீரமே கிடையாதா?’ என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அம்மா, நான் ஆயுத உரிமப் பிரிவில் வேலை பார்த்தவன். மாவட்டத்தில் யார் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், யார் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற கோப்புகள் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். இதற்கு மேல் வீரம் வேண்டுமா?

நான் கையில் பிடித்த ஒரே துப்பாக்கி, தீபாவளிக்கு வாங்கும் பொட்டுத் துப்பாக்கி என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

மலை கிராமங்களில் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று ஒரு வகை உரிமம் உண்டு. அதற்குக் கொடுப்பது நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து, வேண்டுமானால் மேலே குண்டோ ரவையோ போட்டு, மறுபடி இடித்து வெடிக்கிற பழைய சாமான். பெரும்பாலும் யாரும் குண்டு போடுவதில்லை. குச்சிக் கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டுக்குள் பன்றி இறங்கினால், வெறும் மருந்தை இடித்து ஆகாயத்தைப் பார்த்து ஒரு வெடி. பன்றி ஓடிவிடும். மறுநாள் அந்தச் சத்தம் பழகிப்போய்த் திரும்பி வரும்.

மாதம்மா சித்தேரி மலைக்காரர். அப்போது ஐம்பது வயது இருக்கும், என் வயதுதான். கணவர் இறந்ததும் உரிமம் அவர் பெயருக்கு மாறியது. அந்தப் பெயர் மாற்றக் கோப்பிலும் என் கையெழுத்து இருக்கிறது. ஆளை மட்டும் பார்த்ததில்லை.

அந்தக் காலை

நடந்ததை அவரே சொன்னார். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

காலையில் சாமைக் காட்டுக்குப் போனபோது ஓரத்தில் ஒரு புள்ளிமான் கிடந்தது. யாரோ முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ ரவையால் அடித்திருக்கிறார்கள். ரவை என்றால் மிளகு அளவு ஈயத் துணுக்குகள். வயிறு முழுக்கச் சல்லடை. பின்னங்கால் ஒன்று முறிந்திருந்தது. எழுந்திருக்கப் பார்க்கும், விழும். குடல் வெளியே தெரிந்தது. காக்கை வந்துவிட்டது.

அவர் ஊரில் செல்போன் சிக்னல் கிடைக்கும் பாறை ஒன்று உண்டு. அதன் மேல் ஏறி வனத்துறைக்குப் போன் போட்டார். மூன்று முறை. ஜீப் வேறு மலைக்குப் போயிருக்கிறது, வருகிறோம், தொடாதீர்கள் என்று மூன்று முறையும் பதில் வந்தது. உச்சி வெயில் வந்துவிட்டது. ஜீப் வரவில்லை.

“அதுக்கப்பறம் வூட்டுக்குப் போயி துப்பாக்கிய எடுத்தாந்தனுங்க.”

“மானைக் கொல்றது குத்தம்னு தெரியுமா?”

“தெரியுமுங்க. அதான சார் நானே வந்தேன்.”

ஆமாம், அவரேதான் வந்தார். துப்பாக்கியை உரச் சாக்கில் சுற்றி, பஸ் ஏறி, மலையிறங்கி வந்தார். கண்டக்டர் சாக்கைப் பார்த்துவிட்டு, ‘கடப்பாரையா?’ என்று கேட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தாராம். அந்த டிக்கெட்டைத்தான் சரகர் சாட்சியாக மேஜையில் வைத்திருந்தார். அரசாங்கத்திடம் சரணடைய லக்கேஜ் டிக்கெட் எடுத்து வந்த ஒருவர் என்று பார்த்தால், அநேகமாக உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

சரகர் இளைஞர். நல்ல மனிதர். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுகிறவர் இல்லை.

“முதல்ல ரவை போட்டதும் நீங்கதானோ? இதே துப்பாக்கியில ரவையும் போடலாமில்ல?”

இங்கே ‘போட முடியாதுங்க’ என்று ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

“போடலாமுங்க. வாயில எதப் போட்டாலும் முழுங்கும். நாந்தான் போட மாட்டேன்.”

“ஏன்?”

“ரவை காடைக்கும் கவுதாரிக்கும் சார். மானுக்கு ரவை போடறது அதச் சாவடிக்கறதுக்கில்ல, நடக்க வெச்சி வேடிக்கை பாக்கறதுக்கு. எங்க மாமனாரு அந்தக் காலத்துல வேட்டைக்குப் போனவரு. துப்பாக்கி வாயில சுண்டு வெரலு போவணும், அப்பத்தான் மானைப் பத்தி நெனைக்கணும்பாரு. போவலேன்னா எறக்கி வெச்சிட்டு வூட்டுக்கு வந்துடணும். போனாலும் ஒரே குண்டு. ஒரே குண்டுல படுக்காதுன்னா வெடிக்கவே கூடாது.”

சொல்லிவிட்டு, சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த துப்பாக்கி வாயில் தன் சுண்டு விரலை வைத்துக் காட்டினார். முதல் கணு வரை கச்சிதமாகப் போனது.

சரகருக்கு அது பிடித்திருக்க வேண்டும். ஆனால் பிடித்ததை எழுதப் படிவத்தில் இடமில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்தார். துப்பாக்கி வாயை அளந்தார்.

“பதினாலு மில்லிமீட்டர். சார், உங்க பதிவேட்டுல என்ன இருக்கு?”

நான் பக்கத்தைப் புரட்டி, துளை அளவு என்ற கட்டத்தைப் படித்தேன். “பன்னிரண்டு போர்.”

ஒரு எண் இரண்டு துப்பாக்கி ஆன கதை

இங்கே கொஞ்சம் கணக்குச் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், எனக்கும் வராது.

‘போர்’ என்பது பழைய வெள்ளைக்காரக் கணக்கு. ஒரு ராத்தல் ஈயத்தை உருக்கிச் சம அளவில் பன்னிரண்டு குண்டு செய்தால், அதில் ஒரு குண்டு நுழைகிற துளை பன்னிரண்டு போர். இருபத்தெட்டு குண்டு செய்தால் ஒவ்வொன்றும் சின்னதாகிவிடும், துளையும் சின்னதாகிவிடும். ஆக, எண் ஏற ஏறத் துளை இறங்கும். சம்பளக் கமிஷனும் என் சம்பளமும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு போர் என்றால் வாய் பதினெட்டு மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். மேஜையில் இருந்தது பதினாலு.

“அப்ப இது லைசென்ஸ் துப்பாக்கி இல்ல,” என்றார் சரகர். குரல் மாறிவிட்டது. “லைசென்ஸ் வாங்கின துப்பாக்கி எங்கம்மா?”

“இதானுங்க.”

“இது வேற துப்பாக்கி. பதிவேடு சொல்லுது.”

“இல்லீங்க சார், எங்க வூட்ல இருக்கறதே இது ஒண்ணுதான்.” அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். “பித்தளத் தகட்டுல நெம்பரு இருக்குதுங்களே.”

தகடு இருந்தது. எண்தான் தேய்ந்திருந்தது. கடைசி இலக்கம் மட்டும் மூன்று போலவும் எட்டு போலவும் தெரிந்தது. தகட்டை எந்தக் கட்டையிலும் அடித்துக்கொள்ளலாம் என்றார் சரகர். அவர் சொன்னதில் தப்பில்லை. கள்ளத் துப்பாக்கி என்றால் விஷயம் வனத்துறையோடு முடியாது. போலீஸுக்குப் போகும், மாதம்மா சிறைக்குப் போவார். மானுக்காகக்கூட இல்லை, எங்கேயும் இல்லாத ஒரு துப்பாக்கிக்காக.

“திங்கட்கிழமைக்குள்ள உங்க ஆபீஸ்ல இருந்து எழுத்துல பதில் வேணும் சார்,” என்றார் சரகர் என்னிடம். “இது லைசென்ஸ் துப்பாக்கியா, இல்லையா. அவ்வளவுதான். அதை வெச்சுத்தான் நான் மேற்கொண்டு போகணும்.”

அன்று வெள்ளிக்கிழமை.

நான் போட்ட பன்னிரண்டு

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பதிவேட்டை விரித்தேன். துளை அளவுக் கட்டத்தில் மேலிருந்து கீழே பார்த்தேன். பன்னிரண்டு. பன்னிரண்டு. பன்னிரண்டு. நாற்பத்தொரு நாட்டுத் துப்பாக்கிகள், நாற்பத்தொரு பன்னிரண்டு. கையெழுத்து அழகாக இருந்தது. இண்டூர் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவன் நான்.

பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். ஆயுத உரிமங்களை எல்லாம் கணினியில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. பழைய பதிவேட்டில் நாட்டுத் துப்பாக்கி என்று மட்டும்தான் இருக்கும். துளை அளவுக் கட்டம் காலி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கொல்லர் செய்தது. எந்த இரண்டும் ஒன்றாக இருக்காது. ஆனால் கணினி காலிக் கட்டத்தை ஏற்றுக்கொள்ளாது. எண் போடு, எண் போடு என்று சிவப்பு எழுத்தில் கத்தும்.

முறைப்படி என்ன செய்திருக்க வேண்டும்? மலை ஏறி நாற்பத்தொரு துப்பாக்கியையும் அளந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது முதுகு வலி. அதோடு மலைப் பஸ்ஸில் ஏறினால் குமட்டும். எனக்குத் தெரிந்த ஒரே துப்பாக்கி அளவு பன்னிரண்டு போர், அதுவும் சினிமா பார்த்து. ஆகவே பன்னிரண்டு.

கணினிக்கும் பதிவேட்டுக்கும் முரண்பாடு வரக் கூடாதே என்று, பதிவேட்டிலும் அதையே எழுதினேன். பொய்யைக்கூட இரண்டு இடத்தில் ஒரே மாதிரி எழுதும் பொறுப்புள்ள ஊழியன்.

இண்டூர் முயல்

பஸ்ஸில் வேறொன்றும் ஞாபகம் வந்தது. அதை இந்தத் தொடரில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

கல்லூரியில் படித்தபோது என் பெரியப்பா மகன் ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கி வந்தான். கரும்புக் காட்டு வரப்பில் ஒரு முயல். அண்ணன் அடித்தான். பட்டது. முயல் ஒரு துள்ளு துள்ளிவிட்டு, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு, உதிர்ந்து கிடந்த கரும்பு இலைச் சோகைக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரம் தேடினோம். காய்ந்த சோகையில் அது ஊர்கிற சத்தம் மட்டும் கேட்டது, ஒரு தடவை இங்கே, ஒரு தடவை அங்கே.

“சின்னக் குண்டுதான்டா, பொழச்சிக்கும்,” என்றான் அண்ணன்.

நானும் தலையாட்டினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் இருவரும் பரோட்டா சாப்பிட்டோம். சோகைச் சத்தம் மட்டும் இன்னும் எனக்குக் கேட்கிறது. காற்றடிக்கும்போது எந்தக் கரும்புக் காட்டுப் பக்கமும் நான் போவதில்லை. சர்க்கரை போட்ட காபியை மட்டும் நிறுத்தவில்லை.

மேலாளரின் யோசனை

அலுவலகம் திரும்பி மேலாளரிடம் சொன்னேன். அவர் பழுத்த அனுபவசாலி. பதறவில்லை.

“என்னய்யா கேட்டிருக்காங்க? லைசென்ஸ் துப்பாக்கியா இல்லையான்னுதானே? ‘பதிவேட்டின்படி உரிமம் பெற்ற துப்பாக்கி பன்னிரண்டு போர்’னு ஒரு வரி எழுது. பொய்யா அது?”

“பொய்யில்லை சார்.”

“அப்பறம் என்ன? உண்மைய எழுதிட்டு நிம்மதியாத் தூங்கு. உம் பேரு பதவி உயர்வுப் பட்டியல்ல ஏழாவதா இருக்குது, ஞாபகம் வெச்சிக்க. நாப்பத்தொண்ணும் தப்புன்னு எழுதினா, பட்டியல்ல மட்டுமில்ல, நீ எதுலயும் இருக்க மாட்டே.”

அந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்தேன். கச்சிதமாக இருந்தது. யாரையும் குற்றம் சொல்லவில்லை. கையெழுத்து மட்டும் போடவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் இணையத்தைத் திறந்தேன். எனக்கு மனசு சரியில்லை என்றால் படிப்பேன். அதனால்தான் இவ்வளவு படித்திருக்கிறேன்.

வாய்வழி மருந்து இடிக்கிற துப்பாக்கியோடு சட்டப்படி மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்களாம். எந்த அளவுத் துப்பாக்கி மானுக்குப் போதும் என்று பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். அங்குலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்குக்குக் கீழே வேண்டாம் என்கிறார் ஒருவர். ஐம்பதுதான் தைரியம் என்கிறார் இன்னொருவர். ஐம்பத்துநாலு இருந்தால் நிம்மதி என்கிறார் மூன்றாமவர். எண்ணில் அடித்துக்கொள்கிறவர்களுக்குள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை: மிருகம் உடனே சாக வேண்டும். அதற்கு உன் குண்டும் உன் தூரமும் போதாது என்றால் சுடாதே, திரும்பிப் போ.

பதினாலு மில்லிமீட்டரை அங்குலமாக்கிப் பார்த்தேன். ஐம்பத்தைந்து. சித்தேரிச் சுண்டு விரல், அத்தனை நிபுணர்களின் எண்ணையும் தாண்டி நின்றது.

“காலையிலே மலைக்குப் போகணும்,” என்றேன் மனைவியிடம்.

“வாந்தி எடுப்பீங்களே!”

“எடுத்துக்கறேன்.”

சித்தேரி

எடுத்தேன். அது இந்தக் கதைக்கு வேண்டாம்.

மாதம்மா வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

“வாங்க சாரு. போலீசு வரும்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க வந்திருக்கீங்க. என்னாங்க, மொகம் வெளுத்துக் கெடக்குது?”

“பஸ்ஸு.”

“ஓ.” உள்ளே போய்த் தண்ணீரும், வேகவைத்த குச்சிக் கிழங்கும், பச்சை மிளகாய்ச் சட்னியும் கொண்டுவந்தார். “தின்னுங்க, வயித்துக்குத் தெம்பு வரும். அந்த ரெண்டாவது துப்பாக்கிய நானும் தேடிப் பாத்துட்டேனுங்க. அடுப்புச் சந்து, பரணு, ஆட்டுப் பட்டி. ஒரு எடத்துலயும் இல்ல. கெடைச்சா குடுத்துடலாமேன்னுதான்.”

சிரிக்கத்தான் சொன்னார். கை மட்டும் முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தது.

மான் கிடந்த இடத்தைக் காட்டினார். சாமைத் தாள் ஒரு பாய் அகலத்துக்குப் படுத்திருந்தது. அது எழப் பார்த்துப் பார்த்து விழுந்த இடம். அப்பால் அந்தச் சிக்னல் பாறை. உச்சி வெயிலில் மூன்று தடவை ஏறக்கூடிய பாறை இல்லை அது. நான் ஒரு தடவைகூட ஏறவில்லை.

“குண்டு எங்க இருந்துச்சு?”

“மஞ்சப் பொடி டப்பாவுலங்க. வூட்டுக்காரரு காலத்துது. ஒண்ணே ஒண்ணு.”

“ஒண்ணே ஒண்ணுதானா? தப்பியிருந்தா?”

“தப்பற தூரத்துல நான் நிக்கலீங்களே.” கையை நீட்டிக் காட்டினார். இரண்டு எட்டுத் தூரம். “கண்ணு மேல துண்டப் போட்டேன். காதுக்குப் பின்னால வெச்சேன். சத்தம் அதுக்குக் கேட்டிருக்காதுங்க.”

கால்நடை மருத்துவரின் அறிக்கையை நான் பிற்பாடு படித்தேன். பிழைக்க வழியில்லாத பழைய ரவைக் காயங்கள் என்றும், ஒற்றைக் குண்டில் அந்தக் கணமே உயிர் போயிருக்கிறது என்றும் எழுதியிருந்தார். மாதம்மா சொன்னதையே, அவரைவிட நீளமாக.

வரப்பில் உட்கார்ந்தேன். என் வாயிலிருந்து முதலில் வந்தது அமெரிக்காதான். நாற்பத்தைந்து, ஐம்பது, ஐம்பத்துநாலு எல்லாம் சொன்னேன். உங்கள் துப்பாக்கி ஐம்பத்தைந்து என்றேன்.

“யாருங்க அளந்தது?”

“கணக்குப் போட்டேன்.”

“கணக்கு எதுக்குங்க? வெரல வுட்டா தெரியுது.”

அதற்கு மேல் சுற்றி வளைக்க முடியவில்லை. “மாதம்மா, ரெண்டாவது துப்பாக்கின்னு ஒண்ணு கிடையாது. எனக்குத் தெரியும். அந்தப் பன்னிரண்டை எழுதினதே நான்தான்.”

“நீங்களா? எங்க துப்பாக்கிய எப்பங்க பாத்தீங்க?”

“பாக்கலை.”

“பாக்காமயேவா எழுதினீங்க?”

“ஆமா.”

“எத்தன துப்பாக்கிக்கு?”

“நாப்பத்தொண்ணு.”

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அதில் பாதி சிரிப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது.

“தப்பா நெனைக்காதீங்க சாரு. நேத்துலேருந்து என்னா பண்ணேன், என்னா பண்ணேன்னு மண்டைய ஒடைச்சிக்கிட்டிருந்தேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் ஒரு நாளும் பாக்காம வெடிச்சதில்லீங்க. பொதருக்குள்ள என்னமோ அசையுதுன்னு ரவைய வுட்டுட்டுப் போறானுவளே, அவனுக்கும்…”

நிறுத்திக்கொண்டார். விருந்தாளி என்பதால் அந்த வாக்கியம் அங்கேயே நின்றது. மிச்சத்தை நான் மனதுக்குள் முடித்துக்கொண்டேன். சட்டைப் பையில் இருந்த ஒற்றை வரிக் கடிதம் ரவை மாதிரி உறுத்தியது.

“எழுதிக் குடுத்தா ஒங்களுக்கு என்னாவும்?” என்றார்.

“மெமோ குடுப்பாங்க. பட்டியல்ல இருந்து பேரை எடுப்பாங்க.”

“வலிக்குமா?”

“கொஞ்ச நாள் வலிக்கும்.”

“அப்ப ஒரே தடவையில எழுதிடுங்க சாரு. பாதியில வுட்டு இழுக்காதீங்க.”

திங்கட்கிழமை

ஒரு பக்கம் எழுதினேன். துளை அளவு நேரில் அளக்கப்படாமல் என்னால் பதியப்பட்டது, நாற்பத்தொரு பதிவுகளும் அப்படியே, சரகர் அளந்த துப்பாக்கியே உரிமம் பெற்ற துப்பாக்கி என்பதை மறுக்க இந்தப் பதிவேட்டில் எந்த ஆதாரமும் இல்லை, தவறு என்னுடையது. நானே கொண்டுபோய்ச் சரகர் கையில் கொடுத்தேன்.

அவர் படித்தார். மறுபடி படித்தார். “நாப்பத்தொண்ணுமா சார்?” என்றார். எல்லோருக்கும் அந்த எண்தான் கண்ணில் படுகிறது.

கள்ளத் துப்பாக்கி என்ற பேச்சு அதோடு போனது. மான் விஷயம் மேலிடம் வரை போய், மருத்துவரின் அறிக்கையையும் அந்த மூன்று போன் அழைப்புகளையும் பார்த்து, எச்சரிக்கையோடு முடிந்தது. சில மாதம் கழித்துத் துப்பாக்கி அவரிடமே திரும்பியது. ரவை போட்டவன் இன்றுவரை கிடைக்கவில்லை.

எனக்கு மெமோ வந்தது. பட்டியலில் ஏழாவது இடத்தில் வேறொருவர் பெயர் வந்தது. அவர் இனிப்புக் கொடுத்தார், நான் இரண்டு எடுத்துக்கொண்டேன். கூடவே ஒரு உத்தரவு: நாற்பத்தொரு துப்பாக்கிகளையும் நானே நேரில் போய் அளந்து பதிவேட்டைத் திருத்த வேண்டும். வெர்னியர் காலிப்பர் ஒன்றும், எலுமிச்சம்பழம் ஒரு டஜனும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

முதல் வீடு மாதம்மாவுடையது.

துப்பாக்கியைக் கொண்டுவந்து வாசல் கல்லில் சாய்த்து வைத்தார். நான் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, பதிவேட்டைத் திறந்து வைத்து, காலிப்பரை நீட்டி, அளவு சரியாகத் தெரிய வேண்டுமே என்று துப்பாக்கியின் வாய்க்கு நேராக முகத்தைக் கொண்டுபோனேன்.

ஒரு கை குழலைப் பிடித்து வெடுக்கென்று அப்பால் தள்ளியது.

“சாரு! உள்ளார மருந்து இருக்குதா இல்லையான்னு கேட்டீங்களா?”

நான் கேட்கவில்லை.

அவர் இடிக்கிற கம்பியை எடுத்துக் குழலுக்குள் விட்டார். அதில் ஒரு வெட்டு அடையாளம் இருந்தது. வெறும் குழல் என்றால் கம்பி அந்த வெட்டு வரைக்கும் இறங்க வேண்டும். இறங்கவில்லை. நான்கு விரல் மேலேயே நின்றது.

“விடியக்காலையில பன்னி வந்துச்சுங்க. அதுக்காக இடிச்சி வெச்சது,” என்றார். காட்டுப் பக்கம் போய் ஆகாயத்தைப் பார்த்து வெடித்தார். மலை முழுக்க அந்தச் சத்தம் உருண்டு, அடங்க வெகு நேரம் ஆனது.

திரும்பி வந்து மறுபடி கம்பியை விட்டார். இந்தத் தடவை வெட்டு வரைக்கும் போனது.

“இப்பப் பாருங்க,” என்றார். “பாத்துட்டு எழுதுங்க.”

பார்த்தேன். பதினாலு மில்லிமீட்டர். எழுதினேன்.